வரவேற்றார்கள், ஒன்றும் கேட்கவில்லை

வேலை கிடைத்து ஒட்டாவாவுக்குப் போனபோது மகள் தன் அறையில் ஒரு பெட்டி புத்தகங்களை விட்டுவிட்டுப் போனாள். "வேணுமெண்டால் வாசியுங்கோ அப்பா, இல்லாட்டி யாருக்கும் குடுங்கோ" என்றாள். பெட்டியில் இரண்டு புத்தகங்கள் கிறிஸ்தவம் பற்றியவை. ஒன்று ரேச்சல் ஹெல்ட் எவன்ஸ் எழுதிய 'சேர்ச்சிங் ஃபோர் சண்டே' (2015). மற்றது கிரெட்டா வொஸ்பரின் 'வித் ஓர் வித்தவுட் கோட்' (2008). பதினேழு வயதில் எங்கள் தமிழ்ச் சபையை விட்டு விலகியவள் இவற்றை ஏன் வாங்கினாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. சபையோடு கடவுளையும் விட்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு புத்தகங்களிலும் நீல மையால் கோடு போட்டிருந்தாள். எவன்ஸின் புத்தகத்தில் கோடுகள் கடைசிப் பக்கம் வரை போகின்றன. வொஸ்பரின் புத்தகத்தில் கால்வாசியோடு நின்றுவிட்டன. ஏன் என்று யோசித்ததில் வந்தது இந்தக் கட்டுரை.

அவள் விலகிய கதை சின்னது. வேதபாட வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாள். தன் பள்ளித்தோழி ஒருத்தி இன்னொரு பெண்ணை நேசிக்கிறாள், அதற்காகக் கடவுள் அவளை நரகத்துக்கு அனுப்புவாரா என்பது கேள்வி. வகுப்பு நடத்தியவர், இது பிசாசு எழுப்பும் கேள்வி என்றார். அடுத்த ஞாயிறு அதே விடயம், பெயர் சொல்லாமல், பிரசங்கத்திலும் வந்தது. நான் அப்போது சபையின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் 'இளையோரைத் தக்கவைத்தல்' என்று ஒரு விடயம் இருந்தது. ட்ரம்ஸ் வாங்குவது, பாடல் வரிகளைத் திரையில் காட்டுவது, ஆராதனை முடிய பீட்சா கொடுப்பது என்று மூன்று தீர்மானம் எடுத்துக் கலைந்தோம்.

அதே காலத்தில், 2013இல், எவன்ஸ் அமெரிக்காவில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். இளைஞர்கள் சபையை விட்டுப் போவது பாட்டும் கோப்பியும் பழசாகிவிட்டதால் அல்ல, அங்கே உண்மையாகக் கதைக்க முடியாததால் என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரை பரவலாக வாசிக்கப்பட்டது. 'சேர்ச்சிங் ஃபோர் சண்டே' அதன் நீட்சி என்று சொல்லலாம்.

எவன்ஸ் பதின்ம வயதிலிருந்து வளர்ந்தது டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூர். பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர்மீது 1925இல் ஸ்கோப்ஸ் வழக்கு நடந்த அதே ஊர். வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் பிழையற்றது என்று நம்பும் இவாஞ்சலிக்கல் சூழல். பள்ளியில் சிறந்த கிறிஸ்தவ மனப்பாங்குக்குப் பரிசு வாங்கிய பிள்ளை அவர். பரிணாமம், பெண்கள் பிரசங்கிப்பது, பிற மதத்தவரின் மீட்பு, ஒருபாலின உறவு என்று ஒவ்வொரு கேள்வியாக வளர, சபையை விட்டு விலகினார். நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சிறு சபையைத் தொடங்கிப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. கடைசியில் எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் போய்ச் சேர்ந்தார். 2019 மே மாதம், 37ஆவது வயதில், இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டு இறந்துபோனார்.

புத்தகத்தின் கட்டமைப்பே அதன் வாதம். திருமுழுக்கு, பாவஅறிக்கை, குருத்துவம், திருவிருந்து, திடப்படுத்தல், நோயில் பூசுதல், திருமணம் என்று ஏழு திருவருட்சாதனங்களின் பெயரில் ஏழு பகுதிகள். கோட்பாடுகளின் வரிசை ஒன்றும் அங்கே இல்லை. தண்ணீர், அப்பம், எண்ணெய் என்று கையால் தொடக்கூடிய பொருள்கள்தான் இருக்கின்றன. எதை நம்புவது என்று தெரியாத நாளிலும் அப்பத்தை வாங்கக் கையை நீட்டலாம் என்பதே அவர் கண்டடைந்தது. மகளின் நீலக் கோடுகள் அதிகம் இருப்பது திருவிருந்துப் பகுதியில்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரு குறையும் தெரிகிறது. எவன்ஸின் சந்தேகம் செழிப்பானது. ஆபிரகாமைப் பற்றி, யோபுவைப் பற்றி, பவுலைப் பற்றி அவரால் இத்தனை கூர்மையாகச் சண்டை போட முடிவது, சின்ன வயதில் அவ்வளவு வசனங்களைப் பாடமாக்கியதால். எந்தச் சூழலை விட்டு வெளியேறினாரோ, அதே சூழல் போட்டுவைத்த முதலில்தான் அவருடைய முற்போக்கு வாழ்கிறது. அந்த முதல் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? கேள்வி கேட்க அனுமதி கிடைக்கிறது, கேட்பதற்கு ஒரு கதை தெரியாது. இந்த இடத்தை எவன்ஸ் கடந்து போகவில்லை. கடந்து போக அவருக்குக் காலமும் கிடைக்கவில்லை.

வொஸ்பரின் புத்தகம் எங்கள் வீட்டு வாசலில் நடந்த கதை. அவர் ஸ்காபரோவிலுள்ள வெஸ்ட் ஹில் ஐக்கிய திருச்சபையின் போதகராக இருந்தவர். கனடாவிலேயே தமிழர் நெருக்கமாக வாழும் பகுதி அது. கடவுளை நம்பாத போதகர் என்று தன்னை வெளிப்படையாக அறிவித்தவர். ஆராதனையிலிருந்து பரமண்டல ஜெபத்தை எடுத்தபோது சபையோரில் பலர் விலகினார்கள். 2016இல் திருச்சபையின் விசாரணை அவர் ஊழியத்துக்குப் பொருத்தமற்றவர் என்றது. 2018இல் இணக்கம் ஏற்பட்டு அவர் அதே சபையில் தொடர்ந்தார்.

வொஸ்பரை நாத்திகர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட நான் தயாரில்லை. அவர் வைக்கும் குற்றச்சாட்டு நியாயமானது. இறையியல் கல்லூரியில் போதகர்கள் வேதாகமத்தின் வரலாற்றைப் படிக்கிறார்கள். மோசேயின் ஐந்து நூல்களை ஒருவரே எழுதவில்லை, சுவிசேஷங்கள் பல பதிற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை என்று அங்கே பரீட்சை எழுதிப் பட்டம் வாங்குகிறார்கள். பிறகு பிரசங்க மேடையில் ஏறியதும் இதில் ஒன்றும் தெரியாதவர்கள்போல் பேசுகிறார்கள். சனங்களுக்குத் தாங்காது என்று சனங்களின் சார்பில் தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த மறைப்பைப் பற்றி வொஸ்பர் எழுதும் பக்கங்கள் நேர்மையானவை. மகளின் கோடுகள் எல்லாம் அந்தப் பக்கங்களில்தான்.

அதன் பிறகு கோடுகள் ஏன் நின்றன? நானும் அதே இடத்தில் களைத்தேன். கடவுள், ஜெபம், வேதாகமத்தின் அதிகாரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட பின் மிஞ்சுவது அன்பு, நீதி, இரக்கம் என்ற சொற்கள். ஒருவரும் மறுக்காத சொற்கள். ஒருவரும் மறுக்காததால் ஒருவருடைய நெஞ்சிலும் அவை தைப்பதில்லை. அன்பைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும், கெட்ட குமாரன் கதையில் தூரத்திலேயே மகனைக் கண்டு ஓடிவரும் தகப்பன் செய்வதை அது செய்யாது. அந்தத் தகப்பன் சரித்திரத்தில் இருந்தானா என்று யாரும் கேட்பதில்லை. அவன் ஓடினான் என்பது போதும். பதினேழு வயது மகள் எழுந்து போனபோது ஓடாத தகப்பன் நான் என்பதால் எனக்கு அந்தக் கதை இன்னும் வலிக்கிறது. கதையை எடுத்துவிட்டு அதன் கருத்தை மட்டும் கொடுப்பது வொஸ்பரின் பிழை. நம்பிக்கையின் பிழை என்பதைவிட இதை இலக்கியத்தின் பிழை என்றே சொல்வேன்.

இந்த இடத்தில் பழமைவாதிகள் ஒரு கணக்கைக் காட்டுவார்கள். கனடா ஐக்கிய திருச்சபையில் 1960களின் நடுவில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். இன்று 4 இலட்சத்துக்கும் குறைவு. முற்போக்குதான் கொன்றது என்பார்கள். ஆனால் முற்போக்கின் பக்கமே போகாத தென் பாப்டிஸ்ட் சபைகளில் 2006இல் ஏறத்தாழ 1 கோடி 63 இலட்சம் பேர் இருந்தார்கள். 2023இல் அது 1 கோடி 30 இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. இரண்டு மரத்திலும் இலை உதிர்கிறது. ஒரு மரத்தைக் காட்டி மற்றதை நியாயப்படுத்த முடியாது.

இந்தக் கணக்கில் இன்னொரு கோளாறும் உண்டு. ஐக்கிய திருச்சபை 1936இல் லிடியா குருச்சி என்ற பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 1988இல், ஒருவரின் பாலியல் நாட்டம் உறுப்புரிமைக்கோ குருத்துவத்துக்கோ தடையல்ல என்று தீர்மானித்தது. இவற்றை இளைஞரைப் பிடிக்கும் உத்தி என்று எடைபோடுவதே பிழை. இது நீதியா என்பதுதான் கேள்வி. நீதியென்றால், ஆட்கள் குறைந்தாலும் செய்யத்தான் வேண்டும். என் மகளின் தோழிக்கு நரகமா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்ல, எத்தனை பேர் ஆராதனைக்கு வருவார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

இருந்தும் ஒன்று உறுத்துகிறது. எங்கள் சபையை விட்ட பின், பல்கலைக்கழகக் காலத்தில், அவள் ஓர் ஐக்கிய திருச்சபைக்குப் போயிருக்கிறாள். வெஸ்ட் ஹில் அல்ல, வேறொன்று. வாசலில் வானவில் கொடி. உள்ளே இருபது நரைத்த தலைகள். மூன்று ஞாயிறு போனாள், பிறகு போகவில்லை. ஏன் என்று நான் கேட்டது பல வருடங்கள் கழித்து, தொலைபேசியில்.

"நல்ல ஆக்கள் அப்பா. எல்லாரும் என்னை வெல்கம் பண்ணினவை. ஆனா ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை."

நான் முதலில் இதை விளங்கிக்கொள்ளவில்லை. தமிழ்ச் சபையில் எல்லோரும் எல்லாம் கேட்டார்கள். உடுப்பு ஏன் இப்படி, ஏன் தமிழில் ஜெபிக்கவில்லை, கலியாணம் எப்போது என்று கேட்டார்கள். அந்தச் சபையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ எப்படியிருந்தாலும் வரலாம் என்றார்கள். வந்த பிறகு என்ன என்று சொல்லவில்லை. அடுத்த கிழமை அவள் போகாவிட்டால் ஒரு வேலையும் நின்றுபோகாது. இளையோர் முற்போக்குச் சபையைத் தேடிப் போவதற்கும், அங்கே நிற்காமல் திரும்பி வருவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கேள்வி கேட்க விடுதலை வேண்டும். ஆனால் விடுதலை மட்டும் ஒருவரை நிற்க வைக்காது. தன்னை நம்பி ஒரு வேலை கிடக்கிறது என்ற நினைவுதான் நிற்க வைக்கும்.

புலம்பெயர்ந்த எங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நாங்கள் தமிழையும் விசுவாசத்தையும் ஒரே பொதியில் கட்டிக்கொண்டு விமானம் ஏறினோம். பிள்ளைகளுக்கும் அதை ஒரே பொதியாகத்தான் கொடுத்தோம். ஞாயிறு பாடசாலைப் போட்டிக்காக, தமிழ் வசனங்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைத்தேன். மகள் முதற்பரிசு வாங்கினாள், ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல். எவன்ஸுக்குப் போட்டுவைத்த முதல் என்று மேலே சொன்னேனே, அதை நாங்கள் இப்படித்தான் போட்டோம். பிள்ளை சபையை விட்டபோது நான் அழுதது கடவுளுக்காகவா தமிழுக்காகவா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சைவ நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். தேவாரப் போட்டியிலும் இதே கதைதான் என்றார்.

பிள்ளைகளைத் தக்கவைக்கும் கவலை எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் எல்லாம் அங்கே கற்பித்தார்கள். படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகங்களுக்குப் போகிறார்கள் என்ற மனக்குறை வளர்ந்து, 1855இல் அது மூடப்பட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சைவத்துக்குத் திரும்பி, கலித்தொகையை 1887இல் பதிப்பித்துத் தமிழுக்குத் தந்தார். எத்தனை பேர் எங்களோடு நின்றார்கள் என்று மட்டும் எண்ணினால் செமினரி ஒரு தோல்வி. அங்கே படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வேறு கணக்கு வரும். 'தக்கவைத்தல்' என்ற சொல்லை எங்கள் நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் முதல் யோசனை. அது கடைக்காரர் வாடிக்கையாளரைப் பற்றிப் பேசும் சொல்.

எவன்ஸும் வொஸ்பரும் விட்ட இடத்துக்குப் பதில் தேடியபோது எனக்குக் கிடைத்தது மூன்றாவது புத்தகம். ஸோயி ஷெரினியன் என்ற இசை ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட நூல். தமிழ் நாட்டார் இசை தலித் விடுதலை இறையியலாக மாறியதைப் பற்றியது. அதன் நாயகர் தியாபிலஸ் அப்பாவு, பலருக்குப் 'பறட்டை அண்ணன்'. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். 2005இல் மறைந்தார்.

எங்கள் சபைகளில் ஒரு பக்கம் மேற்கத்திய மெட்டிலான பாமாலை, மறுபக்கம் வேதநாயகம் சாஸ்திரியார் வழிவந்த கர்நாடக இசைக் கீர்த்தனை. யாழ்ப்பாணத்திலும் இதுதான், ஸ்காபரோவிலும் இதுதான். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவரில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்களுடைய பறையும் தெம்மாங்கும் கோயில் வாசலுக்கு வெளியே நின்றன. அப்பாவு அவற்றை உள்ளே கொண்டுவந்தார். வழிபாடு முழுவதையும் கிராமியப் பாட்டில் அமைத்தார். பிதாவே என்பதற்குப் பதிலாகக் கடவுளைப் 'பெத்தவரே' என்று அழைத்தார். தாயும் தகப்பனும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எத்தனையோ குழுக்கள் கூடித் தேடிய பால்பேதமற்ற சொல்லை எங்கள் கிராமத்துப் பேச்சு கையில் வைத்திருந்தது. எல்லாரும் ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதை அவர் திருவிருந்தின் பொருளாக்கினார். யாரோடு யார் சேர்ந்து உண்ணலாம் என்று சாதி வகுத்த சமூகத்தில் அது சின்ன விடயமல்ல.

அப்பாவுவும் கேள்வி கேட்டவர்தான். சாதியை, ஆணாதிக்கத்தை, திருச்சபையின் செல்வத்தைக் கேட்டார். வேதாகமத்தைப் புதிதாக வாசித்தார். முற்போக்கு என்றால் இதைவிட முற்போக்கு இல்லை. ஆனால் அவர் எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம். மாணவர் கையில் ஒரு பாட்டைக் கொடுத்தார், பறையைக் கொடுத்தார், உலையைக் கொடுத்தார். அவர்கள் அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்ப் பாடினார்கள், தேவைக்கேற்ப மாற்றினார்கள். வந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது.

ஒட்டாவாவில் இருப்பவளுக்குப் பறையும் தெம்மாங்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அப்பாவுவின் பாட்டை அவளுக்கு ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால் நான் பழைய பிழையையே திரும்பச் செய்தவனாவேன். அவரிடமிருந்து எடுக்க வேண்டியது மெட்டை அல்ல, அவர் செய்த முறையை. வழிபாட்டை ஆக்கும் வேலையை வருகிறவர்களின் கையில் விட்டார். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சிந்திக்கிறார்கள், அரைகுறைத் தமிழில் சண்டை பிடிக்கிறார்கள், வேறு இனத்தவரைக் காதலிக்கிறார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து ஒரு ஜெபத்தை எழுதச் சொல்லி எந்தத் தமிழ்ச் சபை அவர்களிடம் கேட்டிருக்கிறது? ட்ரம்ஸ் வாங்கிக் கொடுத்தோம். எதைப் பாடுவது என்பதை நாங்களே வைத்துக்கொண்டோம்.

ஆகவே இந்தப் புத்தகங்களைப் பற்றி என் தீர்ப்பு இது. பிள்ளை சபையை விட்டுப்போன பெற்றோர் எவன்ஸை வாசியுங்கள். போனவர்கள் கடவுளை விட்டுத்தான் போனார்கள் என்ற எண்ணம் மாறும். போதகர்கள் வொஸ்பரின் முதற்பகுதியை வாசிக்க வேண்டும். மேடையில் மறைப்பதைப் பிள்ளைகள் இணையத்தில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார்கள். ஷெரினியனின் நூல் ஆய்வு நடையில் இருப்பதால் பொறுமை வேண்டும். ஆனால் முற்போக்குக் கிறிஸ்தவம் வெள்ளையரின் சரக்கு என்று சொல்பவர்களுக்கும், அதை அப்படியே இறக்குமதி செய்ய நினைப்பவர்களுக்கும் அதில் ஒருசேரப் பதில் இருக்கிறது.

சென்ற மாதம் ஒட்டாவாவுக்குப் போயிருந்தேன். மகள் ஞாயிற்றுக்கிழமை எங்கும் போவதில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு தேவாலயத்தின் நிலவறைச் சமையலறைக்குப் போகிறாள். வீடில்லாதவர்களுக்கும் பசித்தவர்களுக்கும் அங்கே மதியச் சாப்பாடு. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் வெங்காயம் உரித்தேன். நாங்கள் பத்து நிமிடம் பிந்திப் போனதற்கு, பொறுப்பாக இருந்த வயதான அம்மா ஒருவர் எல்லோருக்கும் முன்னால் அவளை ஏசினார். மகள் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களே, இவ எப்பவும் என்னை இப்பிடித்தான் பேசுறவ" என்றாள். குரலில் ஒரு பெருமை இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில், அரிசிக்குப் பொறுப்பு என்ற இடத்தில் அவளுடைய பெயர்.

இதை விசுவாசம் என்று சொல்லலாமா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. திரும்பி வரும்போது வேறொன்றைச் சொன்னேன். "அண்டைக்கு அந்தக் கூட்டத்திலை நான் எழும்பிக் கதைச்சிருக்க வேணும்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள்.

"ஓம் அப்பா, கதைச்சிருக்க வேணும்" என்றாள்.